எழுதி வாங்கப்படும் ராஜினாமா

(தோல், காலணித் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேர் இதை அனுபவித்திருக்கிறீர்கள் என்று கைதூக்கச் சொல்லப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பாரே என்ற கூச்சம் உங்களுக்கு இருக்கும். மாலை ஷிப்ட் முடியும் நேரம். சூப்பர்வைசர் வந்து, "உங்களை ஆபீஸ் ரூமில் கூப்பிடுகிறார்கள்" என்கிறார். உள்ளே போனால் மேஜையில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. "சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகிக் கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் போலீஸுக்குப் போவோம், பி.எஃப். பணமும் வராது." பத்து நிமிடத்தில் பதினோரு வருட வேலை முடிந்துவிடுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் வட்டாரம் முழுவதும் இந்த வெள்ளைத்தாளைப் பற்றித் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்தத் தாளின் விலை என்ன என்பது பலருக்குத் தெரியாது. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வேலை போனவருக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவிப்பணம் தரும் ஏற்பாடு மேல்நாடுகளில்தான் உண்டு, நம் நாட்டில் இல்லை என்று நினைக்கிறோம். முழுக்கச் சரியல்ல. அளவில் சிறியதுதான், ஆனால் இருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருக்கிறதே, 2019 ஜூலை முதல் நூற்றுக்கு முக்கால் ரூபாய் உங்கள் பங்கு, மூன்றேகால் ரூபாய் முதலாளி பங்கு, அது மருந்து மாத்திரைக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். 2005 ஏப்ரல் 1 முதல் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டம் அதில் இருந்தது. ஆட்குறைப்பாலோ ஆலை மூடலாலோ வேலை இழந்தவருக்குச் சம்பளத்தில் பாதி. முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு படிப்படியாக நீட்டினார்கள். 2018 ஜூலை 1 முதல் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்ற இன்னொரு திட்டம் வந்தது. ஆயுளில் ஒரு தடவை, அதிகபட்சம் 90 நாட்களுக்கு உதவித்தொகை. ஆரம்பத்தில் சம்பளத்தில் கால் பங்குதான். கொரோனா காலத்தில், 2020-இல், அதைப் பாதியாக உயர்த்தினார்கள். வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்றிருந்ததை 30 நாளாகக் குறைத்தார்கள். முதலாளி வழியாகத்தான் மனு வர வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டு, தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றார்கள். இந்தக் கடைசி மாற்றம்தான் பெரிய விஷயம். விரட்டிய கையாலேயே கையெழுத்துப் போட்டுத் தா என்று யாரிடம் போய் நிற்பது?

இந்தத் திட்டத்திற்குக் காலக்கெடு வைத்து, அவ்வப்போது நீட்டித்து வந்திருக்கிறார்கள். ஆகவே மனுப் போடும் முன் கிளை அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக் கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்கும் படித்த இளைஞர்களுக்குத் தமிழக அரசு கொடுக்கும் உதவித்தொகை வேறு. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

சரி, இதற்கும் வெள்ளைத்தாளுக்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் முடிச்சு இருக்கிறது. பழைய திட்டம், தானாக வேலையை விட்டவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் கிடையாது என்றது. புதிய திட்டமும் குற்றத்திற்குத் தண்டனையாக வேலை போனவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது என்கிறது. ஆக, உங்கள் வேலை எப்படிப் போனது என்ற ஒரு வரியில்தான் எல்லாம் நிற்கிறது. அந்த வரியை எழுதுவது யார்? முதலாளி. இ.எஸ்.ஐ. சந்தாக் கணக்கைக் கணினியில் ஏற்றும்போது, ஒரு தொழிலாளிக்கு அந்த மாதம் வேலைநாள் இல்லை என்றால் அதற்குக் காரணத்தைக் குறிக்க வேண்டும். "வேலையை விட்டுச் சென்றார்" என்று ஒரு குறியீடு உண்டு. "ஆட்குறைப்பு" என்று வேறொரு குறியீடு உண்டு. உங்கள் கையெழுத்தில் ராஜினாமா இருந்தால் அவர் எதைக் குறிப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் சம்பளம், 11 ஆண்டு வேலை. முறைப்படி ஆட்குறைப்பு செய்திருந்தால் ஒரு மாத நோட்டீஸ், இல்லையேல் ஒரு மாதச் சம்பளம்: 12,000. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் நஷ்டஈடு: 66,000. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், ஆட்குறைப்பு செய்யப்பட்டவர் வேறு தொழில் கற்றுக்கொள்ள என்று முதலாளி 15 நாள் சம்பளத்தை ஒரு நிதியில் செலுத்த வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் ஏற வேண்டும் என்று இருக்கிறது. அது ஒரு 6,000. இ.எஸ்.ஐ. உதவி, பாதிச் சம்பளம், 90 நாள்: 18,000. கூட்டினால் ஒரு லட்சத்து இரண்டாயிரம். அந்த ஒரு தாளின் விலை இதுதான். பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, நான் இதில் சேர்க்கவில்லை. ஐந்தாண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அது அவருக்குச் சேர வேண்டியது. பி.எஃப்.பும் அப்படித்தான், அது உங்கள் பணம். "எழுதிக் கொடுத்தால்தான் பி.எஃப். வரும்" என்பது வெறும் மிரட்டல்.

எனக்குத் தெரிந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். கம்பெனிப் பெயர் வேண்டாம்.

ஒருவர் தையல் பிரிவில் இருந்த சகோதரி. கணக்கில் சில ஜோடி அப்பர் குறைகிறது என்று ஐந்து பெண்களை உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள். வீட்டில் சொன்னால் அவமானம் என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார். பத்து நாள் கழித்துப் போய் மீதிச் சம்பளத்தை வாங்கும்போது, "எல்லாப் பாக்கியும் பெற்றுக் கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளிலும் கையெழுத்திட்டார். எட்டு மாதம் கழித்து என்னிடம் வந்தார். தொழிலாளர் அலுவலர் முன் நிர்வாகம் இரண்டு தாளையும் எடுத்து வைத்தது. "மிரட்டி வாங்கினார்கள் என்றால் எட்டு மாதம் ஏனம்மா சும்மா இருந்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டாவது விசாரணைக்கு அவர் வரவில்லை.

இன்னொருவர் கட்டிங் பிரிவில் இருந்த தம்பி. அவரும் பயந்து எழுதிக் கொடுத்தவர்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவருடைய அம்மா ஒரு நோட்டுத்தாளைக் கிழித்துக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுது என்றிருக்கிறார். அந்த அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், எந்த அறை, யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், கதவு மூடியிருந்ததா, யார் வாசகம் சொல்ல இவர் எழுதினார் எல்லாம். கடைசியில், "இது என் விருப்பத்தில் எழுதியதல்ல, இதை நான் திரும்பப் பெறுகிறேன், நாளை காலை வேலைக்கு வருவேன்" என்று ஒரு வரி. காலையில் தபாலில் சேர்த்துவிட்டு, கம்பெனி கேட்டில் போய் நின்றார். உள்ளே விடவில்லை. அதையும் எழுதி மறுநாள் இன்னொரு கடிதம். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் ஆட்குறைப்பு என்று பதிவாகி, நஷ்டஈட்டோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ராஜினாமா என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், மிரட்டியோ, தகாத செல்வாக்கைப் பயன்படுத்தியோ வாங்கிய சம்மதத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்து செய்து கொள்ளலாம் என்கிறது. நூற்றைம்பது வருடப் பழைய சட்டம், இன்றும் உயிரோடிருக்கிறது. ராஜினாமா ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து என்று இருந்தால், அந்தத் தேதி வரும் முன் திரும்பப் பெறலாம் என்பதை 1989-இல் பஞ்சாப் நேஷனல் பாங்க் அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதனால்தான் இப்போதெல்லாம் "இன்றே விலகுகிறேன்" என்று எழுத வைத்து, அங்கேயே "ஏற்றுக் கொள்ளப்பட்டது" என்று முத்திரை குத்துகிறார்கள். அப்போது மிரட்டல் என்ற வாதம்தான் மிச்சம். அதை மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் உங்கள் தலையில். அதற்குத்தான் அன்றிரவே எழுதுங்கள் என்கிறேன்.

முன்பெல்லாம் "உடனே ஒரு தந்தி அடி" என்போம். தந்தி 2013-இல் போயிற்று. பதிவுத் தபாலையும் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மேனேஜரின் வாட்ஸ்அப்புக்கும் அதைப் படம் பிடித்துப் போடுங்கள். பார்த்ததற்கு அடையாளம் விழும்.

ராஜினாமா எழுத மறுப்பவர்களுக்கு இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். கேட்டில் வாட்ச்மேனை விட்டுத் தடுத்துவிட்டு, பத்து நாள் கழித்து, "நீங்களாகவே வேலைக்கு வரவில்லை, பெயரை நீக்கிவிட்டோம்" என்று கடிதம். இதைப் போன்ற ஒரு வழக்குதான் டி.கே. யாதவ் வழக்கு. எட்டு நாளுக்கு மேல் வரவில்லை, நிலையாணைப்படி வேலை தானாகப் போய்விட்டது என்றது நிர்வாகம். வந்தேன், கேட்டில் தடுத்தார்கள் என்றார் தொழிலாளி. 1993-இல் உச்ச நீதிமன்றம், விசாரணையின்றிப் பெயரை நீக்குவது இயற்கை நீதிக்கு விரோதம் என்று சொல்லி, பாதிப் பின்சம்பளத்தோடு மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. ஆக, தடுத்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக் கொள்ளாதீர்கள். "வந்தேன், தடுத்தார்கள்" என்று அன்றே எழுத்தில் போக வேண்டும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நம் ஊர்களில் முதலாளியும் நம்மவர், தொழிலாளியும் நம்மவர். ஒரே மஹல்லா. "கோர்ட்டு கச்சேரி எதற்கு, ஜமாஅத்தில் வைத்துப் பேசிக் கொள்ளலாம்" என்கிறார்கள். பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பெரியவர்கள் பேசி நல்லபடி முடிந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் "ரமழான் போகட்டும்", "ஹாஜியார் வெளியூர் போயிருக்கிறார்", "அடுத்த வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்று நாள் போகிறதே, சட்டத்தின் கடிகாரம் அதற்காக நிற்பதில்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில், 2010 திருத்தத்திற்குப் பிறகு, வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றம் போக மூன்றாண்டு இருந்தது. புதிய சட்டத் தொகுப்பில் தகராறு எழுந்து இரண்டாண்டு தாண்டிவிட்டால் சமரச அலுவலரே அதை எடுக்க முடியாது. அவர் முன் சமரசம் முறிந்து அறிக்கை வந்தால், 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். ஆகவே ஜமாஅத்தில் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும்; தொழிலாளர் அலுவலகத்தில் மனு ஒரு பக்கம் இருக்கட்டும். முதலாளி நல்லவரானால் மனு இருப்பதால் அவருக்கு நஷ்டமில்லை. அங்கே முடிவானதையும் சமரச அலுவலர் முன் ஒப்பந்தமாக எழுதிக் கொள்ளுங்கள். முத்தவல்லியின் வாய்வார்த்தையை வைத்து இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் எதுவும் நடக்காது.

ஜவுளிக்கடை, பலசரக்குக் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் மேல்முறையீடு உண்டு. அதற்குக் கெடு குறைவு, உடனே போங்கள்.

இ.எஸ்.ஐ. உதவிக்கு மனுப் போடும்போது தகராறு நிலுவையில் இருந்தால், தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்த மனுவின் நகலையும் ராஜினாமாவைத் திரும்பப் பெற்ற கடித நகலையும் கூடவே வையுங்கள். கிளை அலுவலகத்தில் வாயால் "கிடையாதம்மா" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். ஏன் கிடையாது என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுத்தால், ஊழியர் காப்பீட்டு நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது. 2020 தளர்வுப்படி, வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா செலுத்தியிருக்க வேண்டும்; அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றிலும் அப்படியே. ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. முதலாளி பிடித்த பணத்தைக் கட்டியிருக்கிறாரா என்பதை வேலையில் இருக்கும்போதே பார்த்துக் கொள்ளுங்கள். வேலை போன பிறகு பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்கள் இந்த அரங்கிலேயே உண்டு.

வக்கீலுக்குப் பணமில்லை என்று சொல்லாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. பெண்ணுக்கு வருமான வரம்பு கூடக் கேட்பதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, எழுதிக் கொடுத்த தாளின் நகல் வைத்திருப்பவர்கள் வாருங்கள். நகல் தரவில்லையா, பரவாயில்லை. என்ன எழுதினீர்கள் என்பது ஞாபகம் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்.