ஆயத்தமாய் இருப்பது எதற்காக?

(பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு – வானொலி மறையுரை)



லூக்கா நற்செய்தியின் 12ஆம் பிரிவிலிருந்து இன்று நமக்கு வாசிக்கப்பட்ட பகுதியில் இரண்டு பொருள்கள் வருகின்றன. ஒன்று இடைக்கச்சை, மற்றொன்று எரிகிற விளக்கு. தலைவர் திருமண விருந்திலிருந்து எந்த நேரத்தில் திரும்பி வருவார் என்று பணியாளர்களுக்குத் தெரியாது. தெரியாததால்தான் இடையைக் கட்டிக்கொண்டு விளக்கை ஏற்றி வைத்துக் காத்திருக்கிறார்கள். ஆயத்தமாய் இருங்கள் என்கிறார் ஆண்டவர். இலத்தீன் விவிலியத்தில் இது 'எஸ்தோத்தே பராத்தி' என்ற இரண்டு சொற்கள். இத்தாலி நாட்டுக் கத்தோலிக்கச் சாரணச் சிறுவர் சிறுமியர் இந்த இரண்டு சொற்களையே தங்கள் விருதுவாக்காக இன்றும் சொல்லி வருகிறார்கள். இவர்களைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறோம். நம் பங்குகளில் இளையோர் பணி என்று நாம் நடத்துவதைப் பார்க்க, இவர்களுடைய அனுபவம் நமக்கு ஒரு கண்ணாடியாக இருக்கும்.

1907 ஆகஸ்ட் மாதம் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களோடு முதல் சோதனை முகாமை நடத்தினார். அவர்களில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1916இல், மாரியோ தி கார்ப்பெஞ்ஞா என்ற பிரபு உரோமையில் இத்தாலியக் கத்தோலிக்கச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். 1943இல் பெண் பிள்ளைகளுக்கான வழிகாட்டியர் சங்கம் பிறந்தது. 1974இல் இரண்டும் ஒன்றாயின. அந்த ஒன்றிணைந்த அமைப்புக்கு ஆஜேஷி என்று பெயர். ஏறத்தாழ 1,80,000 பேர் அதில் இருக்கிறார்கள். 2015 ஜூன் 13 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைச் சந்திக்க ஒரு லட்சம் பேர் அளவில் கூடியபோது புனித பேதுரு சதுக்கமே கழுத்துத் துணிகளால் வண்ணமயமானது.

இவர்கள் என்ன செய்கிறார்கள்? எட்டு வயதில் குருளையராகச் சேர்கிறார்கள். கிப்ளிங் எழுதிய காட்டுக் கதைதான் அவர்களுடைய விளையாட்டுக் களம். பன்னிரண்டு வயதில் சாரணர். ஏழெட்டுப் பேர் சேர்ந்தது ஓர் அணி. அந்த அணிக்குத் தலைவர் பெரியவர் அல்லர், பதினைந்து வயதுப் பிள்ளை. வாரந்தோறும் பங்கு வளாகத்தில் கூடுகிறார்கள். கோடை வந்தால் மலையில் முகாம். மரக்கம்புகளையும் கயிற்றையும் கொண்டு சாப்பாட்டு மேசையைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். அடுப்பையும் இடுப்புயரத்துக்கு மேடை கட்டி அமைக்கிறார்கள். சில அணிகள் தரையிலிருந்து உயர்த்திப் பரண் கட்டி அதன்மேல் கூடாரம் அடித்துத் தூங்கும். விறகு ஈரமாக இருந்தால் அன்று சோறு தாமதம்தான். யாரும் கடைக்கு ஓடிப்போய் வாங்கிக் கொடுப்பதில்லை.

பதினேழு வயதுக்கு மேல் திரிசாரணர். இந்தப் பருவத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் ஒரே சொல் 'பணி'. விளையாட்டும் மலையேற்றமும் தொடர்ந்தாலும், ஒவ்வோர் இளைஞனும் இளம்பெண்ணும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் முறையாகப் பணி செய்தாக வேண்டும். முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் கூடும் மையம், ஏழைகளுக்கு உணவு வழங்கும் கூடம், இல்லையென்றால் தன் குழுவிலேயே குருளையரைப் பார்த்துக்கொள்வது. ஆண்டுக்கொரு முறை பொட்டலம் வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதை அவர்கள் பணி என்று எண்ணுவதில்லை. போன வாரம் சோறூட்டிய அதே பாட்டிக்கு இந்த வாரமும் ஊட்ட வேண்டும். அவர் நம்மை மறந்திருந்தாலும் ஊட்ட வேண்டும்.

இவர்களுக்குப் பொறுப்பாளர்களாக இருப்பவர்களுக்கு ஊதியம் கிடையாது. வங்கியில் வேலை செய்பவர், செவிலியர், ஆசிரியை, படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருப்பவர் என்று பலரும் இருக்கிறார்கள். ஆண்டில் கிடைக்கும் விடுமுறையில் ஒரு பகுதியை முகாமுக்கே கொடுத்துவிடுகிறார்கள். இயக்கத்தின் ஆண்டுச் சந்தாவையும் தங்கள் கையிலிருந்தே கட்டுகிறார்கள். ஒவ்வொரு பிரிவையும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சம பொறுப்போடு சேர்ந்து நடத்த வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு. அருள்பணியாளருக்கும் அங்கே இடம் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் இடம் அல்ல. பங்குத் தந்தையராகிய நாம் இதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்வது நல்லது. நம் ஊரில் சாமியார் மாற்றலாகிப் போனால் இளையோர் இயக்கமும் அவரோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறதே.

அன்பார்ந்தவர்களே, ஆயத்தமாய் இருப்பது எதற்காக? முடிச்சுப் போடத் தெரிவதும் தீ மூட்டத் தெரிவதும் எதற்கு? இதற்கு இத்தாலியச் சாரணர் வரலாற்றிலேயே ஒரு பதில் இருக்கிறது.

முசோலினியின் பாசிச ஆட்சி பிள்ளைகள் அனைவரையும் தன் சீருடைக்குள் கொண்டுவர விரும்பியது. 1926இல் பலில்லா என்ற அரசு இளையோர் அமைப்பு உருவானது. முதலில் சிற்றூர்களிலும், பிறகு 1928இல் நாடு முழுவதிலும் சாரணர் குழுக்கள் கலைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு திருஅவைக்கும் அரசுக்கும் இடையே லாத்தரன் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பிறகும் சாரணர் மீதான தடை நீங்கவில்லை. பெரும்பாலோர் வீட்டுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் மிலான் நகரிலும் மோன்சா நகரிலும் ஒரு சிறு கூட்டம் கலையவில்லை. 'அலையும் கழுகுகள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ஜூலியோ உச்செல்லினி என்பவர் தலைவர். பின்னாளில் குருவான அந்திரேயா கெத்தி அவருக்குத் துணை. பாசிசத்தைவிட ஒரு நாள் கூடுதலாக நாம் நீடித்திருக்க வேண்டும், இதுதான் அவர்கள் செய்துகொண்ட தீர்மானம். எத்தனை ஆண்டு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பதினேழு ஆண்டு ஆயிற்று.

சுவிட்சர்லாந்து எல்லைப் பக்கம் கோதேரா என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. இன்றைக்கும் அங்கே வண்டி போகச் சாலை கிடையாது. கல்லில் வெட்டிய படிகளில் ஏறித்தான் போக வேண்டும். அங்கே போய்ச் சீருடையை எடுத்து அணிந்துகொண்டு, முகாமிட்டு, வாக்குறுதி எடுத்துக்கொண்டார்கள். திரும்பும்போது சீருடை மறுபடியும் மூட்டைக்குள் போய்விடும். 1942இல் உச்செல்லினியைப் பாசிச அடியாட்கள் பிடித்து அடித்ததில் அவருக்கு ஒரு காது கேட்காமல் போனது. அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை.

எல்லாம் பிள்ளை விளையாட்டு என்று அன்று எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் தலைகுனிந்து நின்ற காலத்தில், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மலையில் பாட்டுப் பாடுவதில் என்ன பயன்?

1943 செப்டம்பரில் பயன் தெரிந்தது. ஜெர்மானியப் படை வட இத்தாலியைப் பிடித்துக்கொண்டது. யூதர்கள் வேட்டையாடப்பட்டார்கள். முகாம்களிலிருந்து தப்பிய நேசநாட்டுக் கைதிகளும், படையில் சேர மறுத்த இளைஞர்களும் மறைந்து திரிந்தார்கள். அந்த மாதமே அலையும் கழுகுகளும் மிலான் குருக்கள் சிலரும் சேர்ந்து ஓஸ்கார் என்ற மறைவுப் பணியைத் தொடங்கினார்கள். தேடப்படுகிறவர்களுக்கு உதவும் கத்தோலிக்கச் சாரணப் பணி என்பது அந்தப் பெயரின் பொருள். மலைப்பாதைகள் அவர்களுக்குத் தெரியும். இரவில் விளக்கில்லாமல் நடக்கத் தெரியும். பேசாமல் சைகையால் செய்தி சொல்லத் தெரியும். எல்லையில் சிறு மணிகள் கட்டிய கம்பிவேலி இருந்தது. அசைந்தால் மணி ஒலித்துக் காவலர் வந்துவிடுவார்கள். அந்த வேலியைக் கடத்தி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுவிட்சர்லாந்து சேர்த்தார்கள். பொய்ப் பெயரில் ஆயிரக்கணக்கில் அடையாளச் சீட்டுகள் தயாரித்துக் கொடுத்தார்கள். இந்தப் பணியில் அவர்கள் துப்பாக்கி தூக்கவில்லை.

அவர்களோடு உழைத்தவர்களில் ஜொவான்னி பார்பரேஸ்கி என்ற 22 வயதுத் திருத்தொண்டரும் ஒருவர். 1944 ஆகஸ்ட் 10 அன்று, புனித லாரன்ஸ் திருநாளில், மிலானின் லொரேத்தோ சதுக்கத்தில் பதினைந்து கைதிகளைச் சுட்டுக்கொன்று உடல்களை வெயிலில் போட்டுவிட்டார்கள். கர்தினால் ஷூஸ்டர் அனுப்ப, இவர் போய் அந்த உடல்களுக்கு ஆசி வழங்கினார். மூன்று நாளில், ஆகஸ்ட் 13இல், குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். விண்ணேற்பு அன்னையின் திருநாளில் முதல் திருப்பலி. அன்றிரவே கைது. நம் புதுக்குருக்களின் முதல் திருப்பலி நாளை நினைத்துப் பாருங்கள். பந்தல், மேளம், விருந்து! அவருக்குக் கிடைத்தது சான் வித்தோரே சிறை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும். 1945 ஏப்ரலில் ஆட்சி கவிழ்ந்தது. இப்போது ஓடுகிறவர்கள் மாறினார்கள். நேற்றுவரை அடித்தவர்கள், இன்று விசாரணையின்றிக் கொல்லப்படும் அச்சத்தில் கதவைத் தட்டினார்கள். ஓஸ்கார் குழுவினர் அவர்களையும் காப்பாற்றினார்கள். தேடப்படுகிறவருக்கு உதவி என்பதுதானே பெயர்? யாரால் தேடப்படுகிறார் என்ற கேள்விக்கு அந்தப் பெயரில் இடமில்லை. ஒரு காதை இழந்தவரின் தோழர்கள் இதைச் செய்தார்கள். எதிரியை அன்பு செய்வது பற்றி நாம் எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறோம். இதற்குப் பக்கத்தில் வைக்க அவை போதாது.

இன்றைய நற்செய்தியில் பலரும் தாண்டிப் போய்விடுகிற ஒரு வரி உண்டு. விழித்திருந்த பணியாளர்களைத் தலைவர் கண்டால் என்ன செய்வார்? பாராட்டுப் பத்திரம் கொடுப்பதாக லூக்கா எழுதவில்லை. தலைவரே இடையைக் கட்டிக்கொண்டு, அவர்களைப் பந்தியில் அமர்த்தி, வந்து பணிவிடை செய்வார் என்கிறார். அந்தக் காலத்து வீட்டு ஒழுங்கையே தலைகீழாக்கும் பேச்சு இது. முகாமில் இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கரிப்பிடித்த பானையைத் தேய்க்கும் பொறுப்பாளருக்கு இந்த வரி விளக்கமில்லாமலே புரியும்.

நம் பள்ளிகளிலும் சாரண இயக்கம் இருக்கிறது. நல்ல ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்து நடத்துகிறார்கள். ஆனால் பெற்றோர் வந்து முதலில் கேட்பது, சாமி, இதற்குச் சான்றிதழ் உண்டா, கல்லூரியில் இடம் கிடைக்க உதவுமா என்பதுதான். கேட்பது தவறு என்று சொல்ல மாட்டோம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சான்றிதழும் ஏணிப்படிதான். ஆனால் பிள்ளை அந்தப் படியில் ஏறியபின் கீழே யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டதா? இந்தக் கேள்வியோடு எந்தப் பெற்றோரும் நம்மிடம் வந்ததாக நினைவில்லை.

தென் இத்தாலியில் காசெர்த்தா பக்கம் காசால் தி பிரின்சிப்பே என்ற ஊர். கமோரா என்னும் குற்றக்கும்பலின் பிடியில் இருந்த ஊர். அங்கே புனித நிக்கோலாஸ் பங்கின் தந்தை ஜுசெப்பே தியானா. சாரண இயக்கத்தில் வளர்ந்தவர், அதன் ஆன்ம வழிகாட்டியாகவும் இருந்தவர். 1991 கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவரும் சுற்றுப் பங்குகளின் குருக்களும் சேர்ந்து கும்பலின் பெயரைச் சொல்லியே ஒரு மடல் வெளியிட்டார்கள். மக்கள் மீதுள்ள அன்பால் வாய்மூடி இருக்க மாட்டேன் என்பது அதன் சாரம். எசாயா இறைவாக்கினரின் குரல் அது. 1994 மார்ச் 19, புனித யோசேப்பு திருநாள், அவருடைய பெயர்கொண்ட நாள். காலைத் திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது சக்ரீஸ்தில் வைத்துச் சுட்டுக்கொன்றார்கள். 35 வயது. கும்பல்களிடமிருந்து பறிமுதல் செய்த நிலங்களையும் வீடுகளையும் சமூகப் பயனுக்குக் கொடுக்க 1996இல் சட்டம் வந்தது. இன்று கோடையில் அப்படிப்பட்ட நிலங்களில் களை பறிக்கவும் சுவருக்கு வண்ணம் பூசவும் திரிசாரணர் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி. இது பெரிய வெற்றி என்று மிகைப்படுத்த வேண்டாம். கும்பல் இன்னும் அழிந்துவிடவில்லை.

இருபது, இருபத்தொரு வயதில் திரிசாரணர் பயணம் முடிகிறது. அந்தச் சடங்கை 'புறப்பாடு' என்கிறார்கள். கவட்டையாய்ப் பிரிந்த ஒரு கோலைக் கையில் கொடுக்கிறார்கள். இனி பாதை பிரியும் இடமெல்லாம் நீதான் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று அதற்குப் பொருள். நம்பிக்கை, பணி, சமுதாயப் பொறுப்பு என்ற மூன்றையும் தேர்ந்துகொள்வதாகத் தோழர்கள் முன் சொல்லிவிட்டு அவர்கள் புறப்படுகிறார்கள். ஆனால் எல்லாருக்கும் இந்தச் சடங்கு கிடையாது. வயது வந்துவிட்டது என்பதற்காக யாருக்கும் கொடுப்பதில்லை. என்னால் இந்த நம்பிக்கையை இப்போது மனமார ஏற்க முடியவில்லை என்று ஓர் இளைஞன் சொன்னால் அவனைத் திட்டுவதில்லை, பொய் சொல்ல வைப்பதுமில்லை. அணைத்து விடைகொடுத்து அனுப்புகிறார்கள்.

நம் பங்கில் உறுதிப்பூசுதல் பெறும் பிள்ளைகளிடம் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. வரிசையில் நிறுத்துகிறோம், ஆயர் வருகிறார், படம் எடுக்கிறோம். அடுத்த ஞாயிறு பாதிப் பேரைக் காணோம். அவர்கள் போனதும் நமக்குத் தெரியாது, ஏன் போனார்கள் என்றும் தெரியாது. இன்றைய விசுவாசிகள் மன்றாட்டில், அப்படிச் சொல்லாமல் போய்விட்ட நம் பிள்ளைகளுக்காக, அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு, சற்று நேரம் மௌனமாகச் செபிப்போம்.