மலை யாருக்கு?
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அரசியல் என்றவுடன் கொடியும் மேடையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கொடிக்குப் பின்னே நிலமும் கூலியும் குடியிருப்பும் நிற்கின்றன. சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் மாநிலத்து மூணாறே போதும்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் வெள்ளையர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். பின்னர் காடு திருத்தித் தேயிலை வளர்த்தவை, கங்காணிகள் அழைத்து வந்த தமிழர் கைகள். மலை கம்பெனிக்காயிற்று, உழைப்பு தமிழர்க்காயிற்று.

தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு இணைய வேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இவ்விரு தாலுகாக்களும் கேரளத்தில் நின்றன. அங்குள்ள தமிழர் கூலிக்கு வந்தவர்கள் என்ற வாதம் அப்போது எழுந்தது. அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்திருப்பின் அவ்வாதத்திற்கு வலிமை ஏது? எல்லைக்கோடு எங்கே விழுந்திருப்பினும், லயத்தின் சாவி கம்பெனியிடமே இருந்திருக்கும்.

2015 செப்டம்பரில் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு வீதியில் அமர்ந்தனர். நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் கேட்ட போனஸ் 20 விழுக்காடு. நிர்வாகம் அறிவித்ததோ 10. தொழிற்சங்கத் தலைவர்கள் நிர்வாகத்தோடு இணங்கிப் போகின்றனர் என்று சாடி, அவர்களையும் விலக்கி வைத்தனர். தொழிலாளரும் பங்குதாரரே என்று சொல்லப்பட்ட கம்பெனியில் இது நிகழ்ந்தது! போனஸும் கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு கிட்டியது. கூலி 301 ஆயிற்று. ‘பெம்பிளை ஒருமை’ என்ற அவ்வமைப்பு உள்ளாட்சித் தேர்தலிலும் சில இடங்களை வென்றது. பின்னர் பிளவு நேர்ந்தது உண்மை. ஆயினும் கூலிக் கேள்வி வாக்குச்சீட்டாக மாறியதை நாடு கண்டது.

கூலி உயர்ந்தது, குடியிருப்பு மாறவில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் மறைந்தன.

அன்பர்களே, ரயில்வே காலனியில் வாழும் நாமும் பணி முடியும் நாளில் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்க வேண்டியவர்களே. ஆனால் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எங்கேனும் ஒரு மனை வாங்க நமக்கு வழியுண்டு. அவர்களுக்கோ, வீட்டில் மற்றொருவர் தோட்ட வேலையில் சேர்ந்தால்தான் லயம் நிலைக்கும். கூரைக்காகக் கூலியை ஏற்பவன் எதிர்த்துக் குரல் எழுப்புவது எங்ஙனம்?

ஆகவே, வாக்குக் கேட்டு வருவோரிடம் தமிழின் பெருமையை மட்டும் பேசி அனுப்பிவிடாமல், அம்மலை மக்களின் மனைப்பட்டாவையும் கேட்போமாக. அதுவும் தமிழ்த்தொண்டே.