அழகுக்காக வந்த களைகள்



இந்த டாக்குரியா ஏரி 1920களில் வெட்டப்பட்டது. அக்காலத்தில் வங்கத்தின் ஆறுகளையும் குளங்களையும் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் ஊதாப் பூவின் அழகுக்காக இங்குக் கொண்டுவரப்பட்டது. விரைவில் படகுகள் தடைப்பட்டன, நெல்வயல்கள் பாழாயின, மீன்வளம் குன்றியது.

1936இல் வங்காளத்தில் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. தம் நிலத்திலும் நீரிலும் உள்ள செடியை அகற்றுவது அனுபவதாரரின் கடமையாயிற்று. ஆயினும் செடி ஒழியவில்லை. ஏனெனில், ஏற்ற சூழலில் அது இரண்டே வாரங்களில் இருமடங்காகும். விதைகளோ சேற்றில் பல்லாண்டுகள் உயிருடன் கிடக்கும். 1980களில் பெங்களூர் ஏரிகளில் இதனைத் தின்னும் கூன்வண்டுகளை விட்டு நற்பயன் கண்டனர். ஆனால் அதற்குள் ஏறத்தாழ நூறாண்டுகள் கடந்துவிட்டன.

ஹவாயின் மௌயித் தீவிலும் இதே கதைதான். அங்கு அழகுக்காக நட்ட பம்பாஸ் புல்லும் தென் அமெரிக்கச் செடியே. அதன் ஓர் இனம் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை தரும். ஒரு கதிரில் லட்சம் விதைகள் வரை உண்டு. காற்று அவற்றை மலைக்காடுகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. எட்டாத சரிவுகளில் ஹெலிகாப்டரில் சென்று அதனைத் தேடி அழிக்கின்றனர்.

அயல்நாட்டுச் செடிகளின் இறக்குமதியை முறைப்படுத்த நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் ஆணை உண்டு. அதனைச் செயற்படுத்தும் அலுவலர்களும், நாளை அப்பணிக்கு வரும் மாணவர்களும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். துறைமுகத்தில் ஒரு செடியைத் தடுக்க ஓர் அலுவலர் போதும். பரவிய பின் அதனை அகற்ற ஒரு மாநிலமே முயன்றும் முடியவில்லை.