விடுப்பில் வந்த சிப்பாய்

ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை' என்னும் நாவலைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். முதல் உலகப் போரில் தாமே சிப்பாயாக இருந்து, 1917-இல் குண்டுச் சிதறல்களால் காயமுற்றவர் அவர். போர்க்களக் காட்சிகள் அந்நூலில் நிறைய உண்டு. ஆயினும் என் நெஞ்சை உலுக்கியது, கதைநாயகன் பால் பாய்மர் வீட்டிற்கு வரும் பகுதியே.

பால் பள்ளி வகுப்பிலிருந்து நேரே படைக்குச் சென்றவன். அனுப்பியவர் யார் தெரியுமா? அவனுடைய ஆசிரியர் காண்டொரெக்! நாட்டுப்பற்றைப் பற்றி ஓயாது பேசி, வகுப்பு முழுவதையும் படையில் சேர்த்துவிட்டார். தயங்கியவன் யோசேப் பேம் ஒருவனே. ஒதுக்கப்படுவோமென்று அஞ்சி அவனும் சேர்ந்தான். முதலில் மாண்டவர்களுள் ஒருவனானான். 30 ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்ற எனக்கு இப்பக்கங்களை விரைந்து கடக்க இயலவில்லை.

பாலுக்கு 17 நாள் விடுப்புக் கிடைக்கிறது. தந்தைக்கோ போர்க்கதை கேட்க ஆவல். ஊர்ப் பெரியவர்கள், போரை வெல்லும் வழியை அவனுக்கே பாடம் சொல்கிறார்கள். நோயுற்ற தாய், அங்கே மிகவும் துன்பமோ என வினவுகிறாள், இல்லையென்று பொய்யுரைக்கிறான். பள்ளி நாளில் தான் ஈட்டிய பணத்தில் வாங்கிய நூல்கள் அவன் அறையில் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டுகிறான். பழைய ஆர்வம் மீண்டும் ஊறாதா எனக் காத்திருக்கிறான். எழுத்துக்கள் கண்ணில் படுகின்றன, உள்ளத்தைத் தொடவில்லை. நூல்களைத் திரும்ப அடுக்கிவிட்டு வெளியேறுகிறான்.

மாண்ட தோழன் கெம்மெரிக்கின் அன்னையையும் சென்று காண்கிறான். காலை இழந்து, மருத்துவமனையில் அணுஅணுவாக உயிர் நீத்தவன் கெம்மெரிக். துன்பமின்றி நொடியில் இறந்தான் என்கிறான் பால். அவள் நம்பாது, ஆணையிடச் சொல்கிறாள். ஆணையும் இடுகிறான். இரக்கத்தால் சொன்ன பொய்தான். ஆனால், எண்ணற்ற பிணங்களைக் கண்ட அவனுக்கு, ஒரு சாவிற்கு இத்துணை அழுகையா என்றும் உள்ளூரத் தோன்றுகிறது. இருபது வயது இளைஞனின் மனம் இவ்வளவு மரத்துவிட்டது!

விடுப்பின் இறுதி இரவில் தாய் அவன் படுக்கையருகே நெடுநேரம் அமர்ந்திருக்கிறாள். அவன் உறங்குவதுபோல் கிடக்கிறான். வந்திருக்கவே கூடாது என எண்ணுகிறான். பின்னர்ப் போர்முனையில் தன் தோழர்களை மீண்டும் கண்டபோதுதான், தன் இடத்தை அடைந்ததாக உணர்கிறான். 1918 அக்டோபரில், போர் ஓயச் சில வாரங்களே இருக்கையில், அங்கேயே வீழ்கிறான்.