நேரம் எல்லோருக்கும் ஒன்றா?

அதிகாலையில் பிரட்டு மணி அடித்தால் தோட்டத்தில் உள்ள அனைவருக்கும் அது ஒரே நேரந்தான். பால் வெட்டப் போகிறவருக்கு ஒரு நேரம், செம்பனைக் குலை இறக்குகிறவருக்கு வேறொரு நேரம் என்பதில்லை. ஆகவே, நேரம் எங்கும் ஒரே சீராக ஓடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். இது முழு உண்மையன்று என்று 1905ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கூறினார். நம்மைக் கடந்து மிக வேகமாகச் செல்லும் கடிகாரம், நம்முடைய கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்றார். இது சார்பியல் கொள்கையின் ஒரு பகுதி.

பெரிய அறிஞர் சொல்லிவிட்டார் என்பதற்காக நாம் இதை நம்பிவிடலாமா? நாம் கொண்டுவந்த பாலை நிறுக்காமலே, "இவ்வளவுதான்" என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? தராசில் வைக்கச் சொல்வோம் அல்லவா? அறிவியலின் வழியும் அதுவே. ஐன்ஸ்டைனின் சொல்லை எப்படி நிறுத்துப் பார்த்தார்கள் என்று இன்று காண்போம்.

முதலில் அணுவைப் பற்றிச் சிறிது அறிவோம். கல், மரம், நம் உடல் யாவும் அணுக்களால் ஆனவை. அணுவைப் பிளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1897இல் ஜே.ஜே. தாம்சன் அணுவின் உறுப்பாகிய எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். 1911இல் ரதர்ஃபோர்டு, அணுவின் நடுவே மிகச் சிறிய கரு உண்டு என்று காட்டினார். ஓர் அணுவைப் பந்துத் திடல் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் கரு திடலின் நடுவே கிடக்கும் கடுகளவுதான் இருக்கும். அந்தக் கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருக்கின்றன. அவையும் குவார்க்குகள் என்னும் துகள்களால் ஆனவை.

அணுவின் உறுப்பாக இல்லாத துகள்களும் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் 1936இல் கண்டறியப்பட்ட மியூவான். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்றிலுள்ள அணுக்கருக்களில் மோதுவதால், ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் மியூவான்கள் தோன்றுகின்றன. கையை விரித்து நீட்டினால், உள்ளங்கையை நொடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் கடந்து செல்கிறது. நகரத்து மாளிகையானாலும் நம் லயத்து வீடானாலும் அவை ஒன்றுபோலவே பொழிகின்றன.

இங்கேதான் ஒரு புதிர். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால், மியூவானின் சராசரி ஆயுள் அதில் 2.2 பங்குதான். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்கலாம். அப்படியானால் 15 கிலோமீட்டரைக் கடந்து தரைக்கு வருவது எப்படி?

அமெரிக்காவில் ஃப்ரிஷ், ஸ்மித் என்னும் இருவர் இதை அளந்து, 1963இல் முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரமுள்ள வாஷிங்டன் மலைமேல், குறிப்பிட்ட வேகத்தில் வந்த மியூவான்களை எண்ணினார்கள். மணிக்கு ஏறக்குறைய 560 வந்தன. பின்னர்க் கடல்மட்டத்திற்கு இறங்கி வந்து எண்ணினார்கள். பழைய கணக்குப்படி வழியிலேயே பெரும்பாலானவை அழிந்து, 30க்கும் குறைவாகவே வந்திருக்க வேண்டும். வந்தவையோ 400க்கு மேல்!

காரணம் என்ன? ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் மியூவானுக்கு நேரம் மெதுவாகச் செல்கிறது. மலையுச்சியிலிருந்து கீழே வர, நம் கடிகாரப்படி நொடியின் பத்து லட்சத்தில் ஆறு பங்குக்கு மேல் ஆகிறது. மியூவானின் கணக்கிலோ ஒரு பங்குகூட ஆகவில்லை. ஐன்ஸ்டைனின் கணக்கு நிறுவையில் சரியாக நின்றது. நாம் ஏறும் பேருந்திலும் இந்த வேறுபாடு உண்டு. ஆனால், அந்த வேகத்தில் அது நாம் உணர முடியாத அளவுக்கு மிகச் சிறியது. கைப்பேசிக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களையோ ஐன்ஸ்டைனின் கணக்கைக் கொண்டே சரிசெய்கிறார்கள்.

பெற்றோர்களே! இயற்பியல் நமக்கு எட்டாத படிப்பு என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். அவர்கள் பாடநூலைத் திறக்கும்போது, "இது எப்படித் தெரிந்தது? யார் அளந்து பார்த்தார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்குப் பட்டம் தேவையில்லை. விடை தேடப் புறப்படும் பிள்ளை அறிவியலின் வாசலுக்குள் நுழைந்துவிட்டது.