வயிறு நிறைந்தாலும் பசிதான்

பெட்டாலிங் ஜெயா, சுங்கை வே பக்கம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். போகிற வழியில் யோசிக்க ஒரு கேள்வி: பிள்ளை குண்டாக இருந்தால், வீட்டில் நல்ல சாப்பாடு கிடைக்கிறது என்றுதானே நினைக்கிறோம்?

2018-இல் யுனிசெஃப் ஓர் ஆய்வை வெளியிட்டது. கோலாலம்பூரில் 17 மலிவு விலை அடுக்குமாடிகள், 966 குடும்பங்கள், 2,142 பிள்ளைகள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. 23 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மீனும் காய்கறியும் பழமும் விலையேறினால், சோறும் மெகி மீயும் சீனித் தண்ணீருமே தட்டை நிரப்பும். வயிறு நிறையும், உடம்புக்கு ஊட்டம் சேராது. சத்தான உணவு வாங்க விலை தடையாக இருக்கிறது என்று கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களுமே சொல்லியிருந்தன.

கோலாலம்பூரில் எடுத்த கணக்குதான். ஆனால் பெட்டாலிங் ஜெயா அடுக்குமாடிகளிலும் விலைவாசி ஒன்றுதானே?

உதவிக்கு வழி இருக்கிறது. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சமூக நல இலாகா மாத உதவித்தொகை தருகிறது. மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தாலியான் காசிஹ் உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. பாரம் நிரப்பத் தயங்கும் அண்டைவீட்டு அக்காவோடு அரைமணி நேரம் உட்காருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.