கன்னுக்குட்டியும் அஜித்ரோமைசினும்

மழை ஆரம்பிச்சதும் மெடிக்கல் ஷாப்ல தவறாம காதுல விழுற பேச்சு ஒண்ணு உண்டு. "ரெண்டு நாளா காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, ஒரு அஜித்ரோமைசின் ஸ்ட்ரிப் குடுங்க." டாக்டரையும் பார்க்கல, ரத்தமும் பார்க்கல. இந்தப் பழக்கத்தைப் பத்திப் பேசணும்னா கிண்டியில இருந்து ஆரம்பிக்கணும்.

அங்க இருக்கிற கிங் இன்ஸ்டிட்யூட் ஞாபகம் இருக்கும். 2020-ல கொரோனா டெஸ்ட்னாலே முதல்ல காதுல விழுந்த பேரு அது. இப்ப அதே வளாகத்துல கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரி நிக்குது. அந்த இன்ஸ்டிட்யூட் 1899-ல ஆரம்பிச்சது பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கிறதுக்காக. மெட்ராஸ் மாகாண சுகாதார ஆணையரா இருந்த டபிள்யூ.ஜி. கிங் பேரைத்தான் அதுக்கு வெச்சாங்க. அந்த மருந்து எதுல விளைஞ்சது தெரியுமா? கன்னுக்குட்டியோட தோல்ல! அந்தக் காலத்து முறையே அதுதான். முடியைச் சிரைச்சு, தோலை லேசாக் கீறி, வைரஸைத் தடவி விடுவாங்க. சில நாள்ல கொப்புளம் எழும்பும். அதைச் சுரண்டி எடுத்து கிளிசரின்ல கலந்து வெச்சா அம்மைப்பால். நம்ம தாத்தா பாட்டி கையில இருந்த அம்மை குத்தின தழும்பு ஞாபகம் வருதா?

எதுக்கு இவ்வளவு பாடு? சாதாரண பாக்டீரியாவா இருந்தா ஒரு தட்டுல சத்துக்கூழ் ஊத்தி வெச்சாப் போதும், விடியறதுக்குள்ள பெருகிடும். அது ஒரு முழு செல். தானே சாப்பிடும், தானே புரதம் செய்யும், ரெண்டாப் பிரியும். வைரஸ் செல்லே கிடையாது. கொஞ்சம் மரபணு, அதைச் சுத்தி ஒரு புரத உறை, சிலதுக்குக் கொழுப்புப் படலம் ஒண்ணு. அவ்வளவுதான் சரக்கு. கையில பென் டிரைவ் மட்டும் வெச்சுக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்குள்ள நுழையற ஆள் மாதிரி. மெஷின், பேப்பர், கரண்ட் எல்லாம் கடைக்காரருது. அதனாலதான் உயிருள்ள தோல் தேவைப்பட்டுச்சு.

டெங்கு வைரஸை எடுத்துக்குங்க. குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். ஒரு ரத்தச் சிவப்பணுவுக்குக் குறுக்கே 140 வரைக்கும் வரிசையா நிக்கலாம். மொத்தமே பத்துப் புரதத்துக்குத்தான் அதுகிட்ட குறிப்பு இருக்கு, செஞ்சு கொடுக்கிறது நம்ம செல். அதுல ஒண்ணு ரத்தத்துல வந்து கலக்கும். லேப் ரிப்போர்ட்ல என்எஸ்1 பாசிட்டிவ்னு போடுறாங்களே, அதுதான் இது.

இப்ப ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கு வருவோம். அமாக்ஸிசிலின் பாக்டீரியாவோட செல் சுவரைக் கட்டவிடாது. அஜித்ரோமைசின் பாக்டீரியா புரதம் செய்யற இடத்தைப் போய் அடைக்கும். வைரஸுக்குச் சுவரும் இல்ல, அந்த இடமும் இல்ல. அப்புறம் மாத்திரை யாரைப் போய் அடிக்கும்? உங்க குடல்ல சும்மா இருக்கிற நல்ல பாக்டீரியாவைத்தான். பேதி மிச்சம். தப்பிச்ச பாக்டீரியா மருந்துக்கு அடங்காததா மாறி நிக்கும்.

"மூணு நாள் மாத்திரை போட்டேன், சரியாப் போச்சே"ன்னு சிலர் சொல்வாங்க. சாதாரண வைரஸ் காய்ச்சல் மூணு நாலு நாள்ல தானே இறங்கும். பேர் மாத்திரைக்குப் போயிடுது!

அதுக்காக ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம்னு நான் சொல்லல. டைபாய்டு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் எல்லாம் பாக்டீரியா வேலை. அங்க மருந்து தாமதமானா உயிருக்கே ஆபத்து. எதுன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால காய்ச்சல் ரெண்டு நாளைத் தாண்டினா டாக்டரைப் பாருங்க, சொன்ன டெஸ்ட்டை எடுங்க. அதுவரைக்கும் எடைக்குத் தகுந்த அளவு பாராசிட்டமால், கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ். டெங்கு இல்லன்னு தெரியற வரைக்கும் ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் தொடாதீங்க, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

இன்னொண்ணு. டெங்குல காய்ச்சல் விட்ட நாள்தான் கண்ணு வெச்சுப் பார்க்க வேண்டிய நாள். வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், பிள்ளை சோர்ந்து சுருண்டு படுக்கிறது, சிறுநீர் குறையறது, இதுல எது இருந்தாலும் பப்பாளி இலையை அரைச்சுக்கிட்டு நிக்காம உடனே 108-க்குப் போன் போடுங்க.